பைசாந்தியர்கள் ஸ்லாவ் மக்களைப் பற்றி எழுதியதை எவ்வளவு நம்பலாம்?

முதுநகர்_வாத்தியார் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் இருக்கிறேன், பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். மாதம் ஒரு ஞாயிறு புதுச்சேரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு பழைய நூலை எடுத்துப் பேசுவோம், இந்த மாதம் என் முறை. 6ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றுக்கு வடக்கே இருந்த ஸ்லாவ் மக்களைப் பற்றி (இன்றைய ரஷ்யர், போலந்துக்காரர், செர்பியர் போன்றவர்களின் முன்னோர்) பைசாந்திய எழுத்தாளர்கள், அதாவது கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசுக்காரர்கள், கிரேக்க மொழியில் சொன்னதை எடுத்திருக்கிறேன். முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் புரோகோபியஸ், அந்தப் பேரரசின் தளபதி பெலிசாரியஸுக்குச் செயலராகப் போர்க்களம் வரை கூடவே போனவர். இன்னொன்று ஸ்ட்ராடெகிகோன் என்ற போர்க் கையேடு. 600ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது, மாரிஸ் பேரரசர் பெயரில் வழங்குகிறது.

படிக்கப் படிக்க எனக்குக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரே மக்களை ஒரு பக்கம் அழுக்கானவர்கள், குடிசைவாசிகள், கொள்ளைக்காரர்களைப் போல வாழ்கிறவர்கள் என்கிறார்கள். அடுத்த பக்கத்திலேயே விருந்தாளியை ஊர் ஊராகப் பத்திரமாகக் கொண்டுபோய் விடுவார்கள், அவனுக்கு ஓர் ஊரில் தீங்கு நேர்ந்தால் முதலில் அவனை ஒப்படைத்தவர்களே அந்த ஊர்மேல் சண்டைக்குப் போவார்கள் என்கிறார்கள். போர்க்கைதியைக் காலம் முழுக்க அடிமையாக வைக்காமல் ஒரு கெடு வைத்து, கெடு முடிந்ததும் சிறு தொகை கொடுத்துவிட்டு ஊர் திரும்பலாம், அல்லது இங்கேயே சுதந்திர மனிதனாக இருக்கலாம் என்று விடுவார்களாம். அப்புறம் எதிரி வந்தால் ஆற்றடியில் மல்லாந்து படுத்து, நாணல் குழல் வழியாகப் பல மணி நேரம் மூச்சு விடுவார்கள் என்கிறது. கணவன் இறந்தால் மனைவி தானே மூச்சடைத்துச் சாவாள் என்றும் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

இதில் எதை நம்புவது, எதைக் கதை என்று தள்ளுவது? படித்தவர்கள் சொல்லுங்கள்.

அரிக்கமேட்டு_மண் எழுதியது:

வாத்தியாருக்கு வணக்கம். எது உண்மை என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஸ்ட்ராடெகிகோன் ஊர்சுற்றி எழுதிய பயணக் குறிப்பு கிடையாது. நாளைக்கு ஆற்றைக் கடந்து அந்தக் கிராமங்களை அடிக்கப் போகிற அதிகாரி கையில் வைத்திருக்க எழுதிய நூல். வீட்டுக்கு நாலு பக்கமும் வெளியேற வழி வைத்திருப்பார்கள், பொருளைப் புதைத்து வைப்பார்கள், அம்பில் விஷம் தடவுவார்கள், தலைவர்கள் பல பேர், அவர்களுக்குள் ஆகாது, அதனால் சிலரைப் பரிசு கொடுத்து நம் பக்கம் இழுத்துவிடு, இப்படித்தான் போகிறது. குளிர்காலத்தில் தாக்கு என்கிறது. மரத்தில் இலை இருக்காது, ஒளிய முடியாது, பனியில் கால்தடம் காட்டிக் கொடுக்கும், ஆறு உறைந்திருப்பதால் நடந்தே கடக்கலாம். (602இல் மாரிஸ் தன் படையைக் குளிர்காலம் முழுக்க டான்யூபுக்கு வடக்கேயே தங்கச் சொன்னார். படை கலகம் செய்தது, போக்காஸ் என்பவரைத் தூக்கிப் பிடித்தது, பேரரசர் பதவியும் போனது உயிரும் போனது. கையேட்டில் நல்ல யோசனையாக இருந்தது படைவீரனின் உடம்புக்குத் தாங்கவில்லை.)

இப்படிக் கொல்வதற்கு வழி சொல்கிற நூல், நடுவில் நின்று இவர்கள் விருந்தோம்பலில் நல்லவர்கள், கைதியைக் கெடு முடிந்ததும் விட்டுவிடுவார்கள் என்று சொன்னால் அதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். எதிரியைப் புகழ்ந்து அந்த அதிகாரிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒற்றன் சொன்னதோ, திரும்பி வந்த கைதி சொன்னதோ, காதில் விழுந்ததை அப்படியே போட்டிருக்கிறார்.

புரோகோபியஸ் வேறு மாதிரி. அவர் படித்தவர்களுக்காக எழுதினார், பழைய கிரேக்க நூல்கள் அவர் தலைக்குள் இருந்தன. ‘அழுக்கு’ வருகிற வரியைத் திரும்பப் படியுங்கள், மசாகெட்டேக்களைப் போல என்று ஓர் ஒப்பீடும் கூடவே வரும். மசாகெட்டேக்கள் அவருக்கு 1000 வருடம் முன்னாலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதிவிட்டுப் போன நாடோடி மக்கள். வடக்கே இருக்கிறவன் என்றால் இப்படித்தான் என்று ஒரு அச்சு தயாராக இருந்தது, அதில் இவர்களையும் ஊற்றிவிட்டார். ஆனால் அதே பத்தியில் இவர்கள் கெட்டவர்களோ தீங்கு செய்கிறவர்களோ இல்லை என்றும் எழுதுகிறார், அது அச்சில் இல்லாதது. ‘ஒருவன் ஆட்சியில் இல்லை, பழங்காலத்திலிருந்தே டெமோக்ரட்டியாவில் (மக்களாட்சியில்) வாழ்கிறார்கள்’ என்பதையும் இன்றைய அர்த்தத்தில் பாராட்டாக எடுத்துவிடாதீர்கள், புரோகோபியஸ் வாழ்ந்த ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒழுங்கில்லாத கூட்டம் என்ற வாடை இருந்தது.

அவர் கிட்டத்தில் இருந்து எழுதிய இடம் ஒன்று உண்டு, கூட்டத்தில் கட்டாயம் வாசியுங்கள். 539இல் இத்தாலியில் ஆக்சிமம் என்ற ஊரை பெலிசாரியஸ் முற்றுகை போட்டிருக்கிறார். உள்ளே இருக்கிற கோத்தியர்கள் (அப்போது இத்தாலியை வைத்திருந்த ஜெர்மானிய இனத்தார்) பட்டினி கிடந்தும் சரணடையவில்லை, ஏன் என்று தெரிய உயிரோடு ஒருவன் வேண்டும். படையில் இருந்த ஸ்லாவ் வீரர்களில் ஒருவனை அனுப்புகிறார்கள். அவன் விடிவதற்கு முன்னால் போய், புல் மண்டிய இடத்தில் ஒரு புதருக்குள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறான். விடிந்ததும் ஒரு கோத்தியன் புல் பிடுங்க வருகிறான். அவன் கண்ணெல்லாம் தூரத்தில் தெரியும் ரோமானிய முகாம் மேல், காலடிப் புதரைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து இடுப்போடு இரண்டு கையாலும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். டான்யூப் கரையில் இவர்கள் எப்போதும் செய்கிற வேலைதான் இது என்கிறார் புரோகோபியஸ். இங்கே ஒரு ஆள் நமக்கு முழுசாகத் தெரிகிறான்.

இன்னொன்று. புரோகோபியஸ் அவர்கள் மொழியைக் கரடுமுரடான மொழி என்கிறாரே, நம் சங்கப் புலவர்கள் கிரேக்கர்களை ‘வன்சொல் யவனர்’ என்றார்கள். அரிக்கமேட்டுக்கு மது ஜாடியோடு வந்து இறங்கியவன் பேச்சு நமக்குக் கரடுமுரடு, அவனுக்கு ஸ்லாவ் பேச்சு கரடுமுரடு. உங்கள் கூட்டத்தில் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்பது என் யோசனை.

கெடிலக்கரை எழுதியது:

நான் வரலாறு படித்தவன் இல்லை, அந்த நாணல் விஷயம் மட்டும் சொல்கிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர்க் குளத்தில் இதே விளையாட்டுதான். பப்பாளி இலைக் காம்பு உள்ளே ஓட்டையாக இருக்கும் அல்லவா, நீளமாக வெட்டி இரண்டு முனையையும் சீவி வாயில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் உட்காருவோம். யார் அதிக நேரம் இருக்கிறார்கள் என்று போட்டி.

முகம் தண்ணீருக்குள் ஒரு சாண் போகிற வரைக்கும் தாராளமாக இருக்கலாம். ஒரு முழம் இறங்கினால் நெஞ்சை யாரோ இரண்டு கையாலும் அமுக்குகிற மாதிரி இருக்கும், மூச்சை வெளியே விடலாம், உள்ளே இழுக்க வராது. தண்ணீரின் எடை மார்பு மேல் உட்காருகிறது, குழலில் வருவதோ மேலே இருக்கும் சாதாரணக் காற்று, அதை இழுத்து மார்பை விரிக்கத் தசைக்குப் பலம் போதாது. ஓர் ஆள் ஆழத்தில் அடியில் படுத்துக்கொண்டு இதைச் செய்ய முடியவே முடியாது. மல்லாந்து படுத்தால் மூக்கில் தண்ணீர் ஏறும், ஒரு கையால் மூக்கைப் பிடிக்க வேண்டும். மூச்சு இழுத்ததும் உடம்பு மிதக்கப் பார்க்கும், இன்னொரு கையால் வேரையோ கல்லையோ பிடித்துக்கொள்ள வேண்டும். நீளமான குழல் என்றால் இன்னொரு தொல்லை, விட்ட மூச்சே குழலுக்குள் தங்கித் திரும்ப வரும், தலை சுற்றும்.

ஆனால் பொய் என்றும் சொல்ல மாட்டேன். முழங்கால் அளவு சதுப்பு நீரில், சுற்றிலும் நாணல் மண்டிய இடத்தில், பத்து நிமிடமோ கால் மணியோ ஒருவன் இப்படிக் கிடக்கலாம். பிச்சாவரத்துக் கால்வாய்களில் படகில் போகும்போது பாருங்கள், கரையோரச் செடிக்குள் ஒருவன் தலையையும் அமிழ்த்திக் கிடந்தால் நாலடி தூரத்திலிருந்தும் தெரியாது. பல மணி நேரம் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை, அதுவும் அந்த ஊர்க் குளிர் தண்ணீரில்.

வாத்தியார் சார், அந்த நூலில் குழலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஏதாவது இருக்கிறதா?

முதுநகர்_வாத்தியார் எழுதியது:

இருக்கிறது. பழக்கமில்லாதவனுக்கு அது தண்ணீரில் முளைத்த நாணல் போலத்தான் தெரியுமாம். விவரம் தெரிந்தவன் வெட்டிய முனையையும் அது நிற்கிற விதத்தையும் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான், பிறகு அதை அப்படியே வாய்க்குள் குத்துவான், அல்லது பிடுங்கிவிடுவான், கீழே கிடக்கிறவன் எழுந்துதான் ஆக வேண்டும் என்று போகிறது. நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு இந்த வரி வேறு மாதிரி தெரிகிறது. வெட்டு முனையைப் பார் என்று சொல்கிறவன் அதைப் பார்த்தவனாக இருக்க வேண்டும், அல்லது பார்த்தவனிடம் உட்கார்ந்து கேட்டவனாக இருக்க வேண்டும். மணிக்கணக்கு பிறகு சேர்ந்திருக்கும்.

திட்டக்குடி_மானாவாரி எழுதியது:

நானும் ஒன்று சேர்க்கிறேன். ஸ்ட்ராடெகிகோனில் அவர்கள் விளைச்சலைப் பற்றிய வரியை விட்டுவிட்டீர்களே! கால்நடையும் தானியமும் நிறைய, தானியத்தைக் குவித்து வைத்திருப்பார்கள், அதிலும் இரண்டு சிறுதானியங்கள் என்று இருக்கும். பனிவரகும் தினையும் என்றுதான் பெரும்பாலும் மொழிபெயர்க்கிறார்கள். எங்கள் தாத்தா வரகும் தினையும் போட்டவர், அதனால் அந்த வரியில் நின்றுவிட்டேன்.

பனிவரகு இரண்டு, இரண்டரை மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடும், தினை மூன்று மாதத்துக்குள். பெரிய உழவு வேண்டாம், நல்ல மண் வேண்டாம். உமியோடு வைத்தால் வருடக்கணக்கில் கெடாது, பூச்சியும் அவ்வளவாக அண்டாது. இப்போது புரோகோபியஸ் சொல்வதைப் பக்கத்தில் வையுங்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் குடிசை போடுவார்கள், அடிக்கடி இடம் மாறுவார்கள் என்கிறார். படை வருகிறது என்றால் காட்டுக்குள் ஓட வேண்டிய மக்களுக்கு எட்டு மாதம் காத்திருக்க வைக்கும் பயிர் எதற்கு ஆகும்? பொருளைப் புதைத்துவிட்டு ஓடி, திரும்பி வந்து விதைத்தால் அந்தக் கோடைக்குள்ளேயே கஞ்சிக்கு ஆகிவிடும். நாடோடிப் புத்தி என்று அவருக்குத் தோன்றியது எனக்கு நல்ல மானாவாரிக் கணக்காகத் தெரிகிறது.

அந்தக் ‘கேவலமான குடிசை’யும் அப்படித்தான். தொல்லியலார் தோண்டிப் பார்த்ததில் தரையைப் பள்ளமாக்கிக் கட்டிய சதுர வீடுகள், ஒரு மூலையில் கல் அடுப்பு, கையால் வனைந்த பானைகள் கிடைத்திருக்கின்றன. மண்ணுக்குள் பாதி இறங்கிய வீடு குளிரில் கதகதப்பாக இருக்கும். கான்ஸ்டான்டிநோபிளில் பளிங்குத் தூண் பார்த்துப் பழகியவருக்கு அது வீடாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை_அக்கா எழுதியது:

தம்பி, நீங்கள் மனசு சரியில்லை என்று எழுதிய விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் வந்தேன்.

அது வெறும் கதை என்று தள்ளிவிட முடியாது. பைசாந்தியரே அல்லாத இன்னொருவரும் எழுதியிருக்கிறார். 8ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் இருந்த போனிபேஸ் என்ற பாதிரியார், இங்கிலாந்தில் இருந்த மெர்சியா நாட்டின் அரசன் ஏதெல்பால்டுக்கு எழுதிய கடிதத்தில் வெண்டுகளைக் குறிப்பிடுகிறார். அவர்களும் ஸ்லாவ் மக்கள்தான். கணவன் இறந்த பிறகு மனைவி வாழ மறுக்கிறாள், தன் கையால் செத்து அவனோடு ஒரே சிதையில் எரிகிறவளை அங்கே புகழ்கிறார்கள் என்கிறார். ஆக ஏதோ ஒரு வழக்கம் இருந்திருக்கிறது.

ஆனால் அரிக்கமேட்டுத் தம்பி சொன்ன கேள்வியை இங்கேயும் கேளுங்கள், யாருக்காக எழுதினார்கள்? போனிபேஸ் அந்த அரசனின் பெண் தொடர்புகளைக் கண்டித்து எழுதுகிறார், அந்தக் கேடுகெட்ட ஜனத்துக்கே இவ்வளவு கற்பு இருக்கிறதே என்று அவனை வெட்கப்பட வைக்க இந்தப் பெண்களை எடுத்துக்காட்டாகத் தூக்குகிறார். ஸ்ட்ராடெகிகோனும் கற்பில் மனித இயல்பையே மிஞ்சியவர்கள் என்று வியந்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பல பெண்கள் என்கிறது, எல்லோரும் என்று இல்லை, அதையும் கவனியுங்கள். இருவருமே ஆண்கள், இருவருக்கும் அது ஒரு மெச்சத்தக்க சேதி, ஏன் செத்தாள் என்று அந்தப் பெண்களில் ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை.

நமக்கு அந்தக் குரல் இருக்கிறது. புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கப் போகும்போது தடுத்த சான்றோர்களிடம் பேசுகிறாள். வேளைக்கீரையும் எள் துவையலும் தின்று, பாயில்லாமல் பருக்கைக் கல்லில் படுத்துக் கிடக்கும் கைம்பெண் நான் இல்லை என்கிறாள். அதைப் படிக்கும்போது எனக்கு அவள் அன்பு தெரிவதை விட, பின்னால் காத்திருந்த அந்த வாழ்க்கை மேல் இருந்த பயம் அதிகம் தெரியும். டான்யூப் கரையில் கைம்பெண்ணுக்கு என்ன காத்திருந்தது என்று அந்த ஆண்கள் எழுதவே இல்லை. அங்கே நீங்கள் நம்ப வேண்டியது ‘சாவாள்’ என்பதை மட்டும், ‘தானாக’ என்பதை அவர்கள் வாயிலிருந்து வாங்கிக்கொள்ளாதீர்கள்.

முதுநகர்_வாத்தியார் எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. இதைக் கடைசியில் வைத்துப் பேசலாம் என்று இருந்தேன், முதலில் வைத்துவிடுகிறேன். பெருங்கோப்பெண்டு பாட்டையும் ஸ்ட்ராடெகிகோன் வரியையும் ஒரே தாளில் அடித்து எல்லோர் கையிலும் கொடுக்கிறேன், ஆக்சிமம் புதர்க்காரனை வாசிப்பதற்கு ஒரு மாணவனைக் கூட்டி வருகிறேன். திட்டக்குடி நண்பருக்கு, பனிவரகு கதிரோடு கிடைக்குமா? பையன்கள் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒரு பிடி போதும். ஞாயிறு காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவேன், சனிக்கிழமைக்குள் சொன்னால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.