சென்னை ஜிபிஓ (தலைமைத் தபால் நிலையம்): உங்களுக்கு மறக்காத ஒரு நிமிடம்?

ராயபுரத்தான்:
1997 இருக்கும். ரிஜிஸ்டர் தபாலைக் கொடுத்துவிட்டு பீச் ஸ்டேஷனுக்கு ஓடப் பார்க்கிறேன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் மணியார்டர் ஃபாரத்தை நீட்டினார். "தம்பி, அம்மாவுக்கு. எழுதிக் குடுங்க." முகவரி, தொகை எல்லாம் எழுதியாச்சு. கீழே சேதி எழுதும் துண்டுக்கு நிறையச் சொன்னார்: கைக்காயம் ஆறிவிட்டது, பொங்கலுக்கு வர முடியாது, மாட்டை விற்க வேண்டாம். நான் "நலம்" என்று மட்டும் எழுதினேன். வாங்கி, மை காய ஊதி ஊதி, படிப்பது போலவே பார்த்தார். "எல்லாம் வந்துருச்சா?" "வந்துருச்சுண்ணே." 1786-லிருந்து நிற்கிற கட்டடத்தில் அப்படி ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

கோட்டைவாசல்:
1786 அந்தக் கட்டடம் இல்லைங்க. அந்த வருஷம் தொடங்கியது ஜிபிஓ என்கிற அலுவலகம், புனித ஜார்ஜ் கோட்டையின் கடல் வாசல் பக்கம். நடுவில் பிராட்வேயிலும் இருந்தது. ராஜாஜி சாலையில் நிற்கிற சிவப்புக் கட்டடம் 1884. வரைந்தவர் ராபர்ட் சிஷோம், கடற்கரையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவருடையதுதான். அலுவலகம் தொடங்கிய வருஷத்தையும் கட்டடத்தின் வருஷத்தையும் குழப்பக் கூடாது.

2000-இல் தீப்பிடித்த மறுநாள் எதிர்ப்புறம் நின்றேன். ஜன்னல் வளைவுகளுக்கு மேல் நாக்கு நாக்காகக் கரி. கடிதம் போட வந்த பெரியவர் ஒருவர் கவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்.

தபால்தலைப்பிரியன்:
நான் அங்கே முதல் நாள் உறை (புதுத் தபால்தலை வெளியாகும் நாளின் முத்திரையோடு வரும் கவர்) வாங்கியதோடு சரி. ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் பழைய கடிதம் இருந்தால் தபால்தலையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். முத்திரை பாதியில் போய்விடும். எந்த ஆபீஸ், எந்தத் தேதி என்பதெல்லாம் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. பின்பக்கமும் பாருங்கள், போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் அங்கே இருக்கும். லேமினேட் வேண்டவே வேண்டாம். செலோ டேப் ஒட்டினால் மஞ்சளாகிக் காகிதத்தைக் கெடுத்துவிடும். மடிப்பை நீவி, வெயில் படாமல் வையுங்கள். பூச்சி வராமல் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.

தபால்காரர் மகள்:
ராயபுரத்தான் அண்ணா, எங்கப்பா கிராமத்துத் தபால்காரர். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டைக் கிழித்து அவரே படித்துக் காட்டுவார். "நலம்" என்று மட்டும் இருந்தால் சில அம்மாக்கள் விடமாட்டார்கள். "இன்னொரு தரம் படிய்யா" என்பார்கள். அப்பா அந்த ஒரு வார்த்தையை மறுபடியும், மெதுவாகப் படிப்பார்.