ஃபிரேம் ரிலே இடைமுகத்தில் ஸ்பிளிட் ஹொரைசன்: தெளிவு தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். பழைய சிஸ்கோ ரவுட்டர்களைக் கொண்டு, ஒரு மையமும் இரண்டு கிளைகளும் உள்ள ஃபிரேம் ரிலே (தொலைவிடங்களை மெய்நிகர் சுற்றுகளால் இணைக்கும் பழைய தொழில்நுட்பம்) பயிற்சி வலையமைப்பை அமைத்திருக்கிறேன். மூன்றிலும், ரவுட்டர்கள் வழித்தடங்களைத் தமக்குள் அறிவித்துக்கொள்ள உதவும் ரிப் (RIP) நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு இயங்குகிறது. மையத்தின் முதன்மை சீரியல் இடைமுகத்திலேயே முகவரி இருந்தவரை, ஒரு கிளையின் வழித்தடங்கள் மற்றக் கிளைக்குத் தடையின்றிச் சென்றன. அந்த முகவரியை மல்டிபாயிண்ட் துணை இடைமுகத்துக்கு (ஒரே இடைமுகத்துக்குள் பிரித்த, பல கிளைகளை இணைக்கும் தருக்க இடைமுகம்) மாற்றியதும் அவை மறைந்துவிட்டன.

ஃபிரேம் ரிலே உறையிடல் கொண்ட முதன்மை இடைமுகத்தில் ஸ்பிளிட் ஹொரைசன் (ஓர் இடைமுகத்தில் கற்ற வழித்தடத்தை அதே இடைமுகம் வழியே திருப்பி அறிவிக்கக் கூடாது என்ற விதி) இயல்பாகவே அணைந்திருக்கும் என்பதும், துணை இடைமுகத்தில் அது இயங்கும் என்பதும் பின்னரே எனக்குப் புரிந்தது. சிஸ்கோவின் மற்றொரு வழித்தட நெறிமுறையான ஈஐஜிஆர்பியில் (EIGRP) முதன்மை இடைமுகத்திலும் அது இயங்கும் என்பதால் குழப்பம் இன்னும் கூடியது.

மையத்தில் மட்டும் அதை அணைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. என் உண்மையான கவலை கிளைகளைப் பற்றியது: அங்கே முதன்மை இடைமுகமே பயன்படுவதால், மையத்திடம் கற்ற வழித்தடங்களை அவை மையத்துக்கே திருப்பி அறிவிக்கின்றன, ஓர் இணைப்பு அறுந்தால் தாவல் எண்ணிக்கை, ரிப்பில் ‘சென்றடைய முடியாது’ என்று பொருள்படும் 16-ஐ எட்டும்வரை சுழற்சி நீடிக்கக்கூடும். கிளைகளில் ஸ்பிளிட் ஹொரைசனை நானே இயக்கிவிடுவது போதுமா, அல்லது ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிப் பாயிண்ட்-டு-பாயிண்ட் (இரு முனைகளை மட்டும் இணைக்கும்) துணை இடைமுகம் அமைப்பதே சரியா? இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.