புழுதிக் காற்று ஓய்ந்தும் வீட்டுக்குள் தூசி அடங்கவில்லை: எங்கிருந்து வருகிறது?

மங்காஃப் அம்மா
வணக்கம். குவைத்தில் மங்காஃப் பகுதியில், மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். புழுதிக் காற்று ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டது. வீட்டுக்குள் மட்டும் தூசி அடங்கவில்லை. இரவு துடைத்த சாப்பாட்டு மேசையில் விடிந்ததும் விரலால் கோலம் போடலாம், அத்தனை தூசி. ஜன்னலைத் திறப்பதே இல்லை. சென்ட்ரல் ஏசியின் வலையைக் கழுவி மாட்டிவிட்டேன். ஹாலில் ஏர் பியூரிஃபையர் நாள் முழுவதும் ஓடுகிறது, பச்சை விளக்குதான் காட்டுகிறது. ஆனால் வீசிங் உள்ள என் மகன் இரவெல்லாம் இருமுகிறான். வழி சொல்லுங்கள்.

ஏசி மெக்கானிக், சால்மியா
அக்கா, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் எப்போதும் ஓடுகிறதா?

மங்காஃப் அம்மா
ஆமாம் தம்பி. இரண்டு குளியலறைகளிலும் ஓடும், ஈர வாடை தங்காமல் இருப்பதற்காக.

ஏசி மெக்கானிக், சால்மியா
அப்படியென்றால் அங்கிருந்து தொடங்குங்கள். ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தே தீரும். ஜன்னல் மூடியிருந்தால் சட்டத்தின் இடுக்கு வழியாகவும் வாசல் கதவின் அடியிலும் புகும். நகரும் ஜன்னலின் தண்டவாளப் பள்ளத்தைப் பாருங்கள். புயலன்று ஒதுங்கிய மண் அங்கேயே கிடக்கும். கதவோரத்தில் பிரஷ் போன்ற ஒரு பட்டை ஒட்டியிருக்கும். இந்த ஊர் வெயிலில் அது மொறுமொறுத்து உதிர்ந்துவிடும்.

டிஷ்யூ தாளை மெல்லிய கீற்றாகக் கிழித்து இடுக்கின் அருகே பிடியுங்கள். உள்பக்கமாக ஆடினால் தூசி வரும் வழி அதுதான். பள்ளத்தை ஈரத்துணியால் வழித்தெடுத்துவிட்டுப் புதுப் பட்டை ஒட்டுங்கள். குளித்த பிறகு சிறிது நேரம் மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள்.

ஏசி வலை முடியையும் பஞ்சையும்தான் பிடிக்கும். ஷமால் என்கிற வடமேற்குக் காற்று கொண்டுவரும் மாவு போன்ற தூசி அதைத் தாண்டிவிடும். அதற்காக நீங்களாகவே தடித்த ஃபில்டரைச் செருகிவிடாதீர்கள். காற்றோட்டம் குறைந்து ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனி கட்டும். ஹாரிஸிடம் (கட்டடக் காவலாளி) சொல்லிக் கட்டடத்தின் ஏசி ஆளை வரவழையுங்கள்.

ஃபர்வானியா செவிலியர்
சகோதரி, பியூரிஃபையரை இன்றிரவே மகன் படுக்கும் அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்துங்கள். திறந்த ஹாலில் அது ஒரு மூலையைக்கூடச் சரியாகச் சுத்தம் செய்யாது. அயனைசர் (காற்றில் மின்னூட்டம் ஏற்றும் வசதி) பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். சில கருவிகளில் ஓசோன் வெளிவரும், வீசிங் உள்ள பிள்ளைக்கு ஆகாது. பச்சை விளக்கை நம்பாதீர்கள். பல கருவிகளின் சென்சார் நுண்துகளைத்தான் நன்றாகக் கணக்கிடும், பருமனான பாலைவனத் தூசியைக் கோட்டைவிடும். பியூரிஃபையருக்குள் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரைக் கழுவவும் கூடாது.

துடைப்பத்தைத் தொடாதீர்கள், ஈர மாப் மட்டும் போதும். முதலில் மின்விசிறி இறக்கை, பிறகு திரைச்சீலை, கடைசியில் தரை. பையன் அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும். ஊதுபத்தி, சாம்பிராணி, பக்கூர் (அரபு நறுமணப் புகை) எதுவும் இப்போது வேண்டாம்.

இருமல் இரவில் தொடர்வதால் நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்தாலோ, பேச்சு திணறினாலோ காத்திருக்காமல் 112-ஐ அழையுங்கள்.

அபு ஹலிஃபா நண்பர்
ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிட்டால் தூசியை இழுத்துக்கொள்ளுமே?

ஏசி மெக்கானிக், சால்மியா
சும்மா தொங்கினால் பயனில்லை அண்ணா. காற்று புகும் இடுக்கில் அழுத்தி வைத்தால்தான் தடுக்கும். வாசல் கதவின் அடியில் சுருட்டி வைக்கலாம். காய்வதற்குள் எடுத்து அலசுங்கள்.

மங்காஃப் அம்மா
பால்கனிக் கதவின் கீழ் மூலையில் தாள் படபடவென்று ஆடுகிறது! பட்டை அங்கே அறவே இல்லை. இருவருக்கும் மிக்க நன்றி. ஜன்னலை எப்போது திறக்கலாம்?

ஃபர்வானியா செவிலியர்
பிஎம் 10, அதாவது காற்றில் மிதக்கும் 10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான அளவும் உள்ள துகள்களின் அளவைக் காட்டும் செயலியைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கொடுத்த வழிகாட்டு அளவு, 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 45 மைக்ரோகிராம். இந்த ஊரில் அதற்குக் கீழே அரிதாகவே இறங்கும். ஆகவே எண் நன்றாகத் தணிந்து காற்றும் அசையாமல் இருக்கும் வேளையில் சற்றுநேரம் திறந்து மூடுங்கள். பள்ளத்தைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும்.