மீன் ஊறுகாய் பாட்டில் லேபிள்: லேமினேஷனா, யூவியா, வார்னிஷா?

மண்டபம் ஊறுகாய்க்காரி:
வணக்கம். மண்டபத்துல எட்டுப் பேரு சேர்ந்து மகளிர் குழுவா சீலா மீன் ஊறுகாயும் இறால் ஊறுகாயும் போடுறோம். 200 கிராம் கண்ணாடி பாட்டில். போன தடவை 500 லேபிள் அடிச்சோம். சாதா பேப்பர் ஸ்டிக்கர்தான், மேல ஒண்ணும் பூசல. மூணு வாரத்துல பல்லிளிச்சிருச்சு.

பாம்பன் பக்கம் வெயில் விழுற ஒரு கடையில வச்ச பாட்டில்ல எல்லாச் சிவப்பும் வெளுத்து ரோஸ் ஆயிருச்சு. "ராமநாதபுரம் முண்டு மிளகாயில் செய்தது"ன்னு சிவப்புல பெருசாப் போட்டிருந்தோம், 2023-ல புவிசார் குறியீடு கிடைச்ச மிளகாயாச்சே. இப்ப அந்த வரிதான் கண்ணுக்கே தெரியல. எண்ணெய் ஓரத்துல ஏறி லேபிள் அப்பளம் பொரிச்ச காகிதம் மாதிரி இருக்கு. ஈரக் கையால தொட்டா எழுத்து இழுவுது.

புதுசா 2000 அடிக்கணும். அச்சுக் கடைக்காரர் கிளாஸ் (பளபளப்பு) லேமினேஷன், மேட் (மினுக்கில்லாத) லேமினேஷன், யூவி, வார்னிஷ்னு நாலு சொல்றார். யூவி போட்டா வெயிலுக்கு வெளுக்காதாம். எதை எடுக்கலாம்?

சிவகாசி மெஷின்மேன்:
அக்கா, மேல பூசுறதை அப்புறம் பார்ப்போம். முதல்ல பழைய லேபிள்ல சிவப்பு உள்ள இடத்தை ஈரப்பஞ்சால பத்துத் தடவை தேய்ங்க. பஞ்சுல கலர் வந்தா அது இங்க்ஜெட் பிரிண்டரோட டை இங்க், அதாவது சாய மை. தண்ணியில கரையும், வெயில்லயும் சீக்கிரம் வெளுக்கும். லேசர் பிரிண்டும் ஆஃப்செட்டும் அப்படி இழுவாது.

அந்த யூவி பேரு எல்லாரையும் ஏமாத்தும். பூசின வார்னிஷை யூவி விளக்குல காட்டி நொடியில இறுக வைக்கிறோம், அதனாலதான் அந்தப் பேரு. வெயில்ல இருக்குற யூவியைத் தடுக்கும்னு அதுக்கு அர்த்தம் இல்ல. பளபளப்பு வரும், உரசல் தாங்கும். அம்புட்டுதான்.

சாயல்குடி கருப்பட்டி:
நான் பட்டதைச் சொல்லிடுறேன். கருப்பட்டி டப்பா லேபிளுக்கு முழுசா யூவி போட்டேன், கண்ணாடியாட்டம் மின்னுச்சு. தேதி சீல் குத்துனா மை காயவே இல்ல. டப்பாவ அட்டைப்பெட்டியில அடுக்கும்போது ஒரு டப்பா தேதி அடுத்த டப்பா முதுகுல ஒட்டிக்கிச்சு. பால்பாயிண்ட் பேனா வழுக்கிட்டு ஓடுது. கடைசியில ராத்திரி உக்காந்து அத்தனை டப்பாவுக்கும் அழியாத மார்க்கர்ல எழுதினோம். யூவியோ வார்னிஷோ, தேதியும் பேட்ச் நம்பரும் வர்ற கட்டத்தை மட்டும் பூசாம விடச் சொல்லுங்க.

மண்டபம் ஊறுகாய்க்காரி:
தேய்ச்சேன் தம்பி, பஞ்சு பூரா ரோஸ் தண்ணி. அப்ப லேசர்ல அடிச்சு லேமினேஷன் போட்டா எண்ணெய் ஏறாதுல்ல? தேதியும் இதுவரைக்கும் பேனாவாலதான் எழுதுறோம்.

சிவகாசி மெஷின்மேன்:
ஏறும்க்கா. லேமினேஷன் முகத்தை மட்டும்தான் மூடும். வெட்டுன ஓரத்துல பேப்பர் வாயைத் திறந்துகிட்டுதான் இருக்கும். உங்க பாட்டில்ல எண்ணெய் மூடியிலேர்ந்து வழிஞ்சு நேரா அந்த ஓரத்துலதான வந்து நிக்குது? வார்னிஷுக்கும் யூவிக்கும் இதே கதைதான். ஊறுகாய்க்கு பேப்பரை விட்டுட்டு வெள்ளை பி.பி. ஸ்டிக்கருக்குப் போங்க. அது பிளாஸ்டிக் தாள், எண்ணெயும் தண்ணியும் உறிஞ்சாது. அதுல லேசர் பிரிண்ட் எடுத்து, மேல கிளாஸ் லேமினேஷன். மேட் பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அடர்ந்த கலர்ல உரசின கோடும் எண்ணெய் விரல் தடமும் அப்படியே தெரியும். ஊறுகாய் பாட்டிலை எவன் சுத்தமான கையால எடுக்கிறான்?

லேமினேஷன்ல கட்டம் விட முடியாது, படலம் முழுசாத்தான் ஓடும். தேதியை மூடியில போட்டு, லேபிள்ல "தேதி, பேட்ச் எண் மூடியில்"னு அச்சடிச்சிருங்க. உலோக மூடிக்குச் சாதா ஸ்டாம்ப் பேட் மை நிக்காது. பிளாஸ்டிக், உலோகத்துக்குன்னே சீக்கிரம் காயுற மை விக்குது, அதைக் கேட்டு வாங்குங்க. லேபிள்ல உள்ளது அழியக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கு, பேனா எழுத்து ஆகாது.

வெயிலுக்கு எதுவும் முழு மருந்து இல்ல. யூவி தடுக்குற லேமினேஷன் படலம்னு தனியா உண்டு, அதுவும் வெளுப்பைத் தள்ளித்தான் போடும். பேரு, முகவரி, முண்டு மிளகாய் வரி எல்லாத்தையும் கறுப்புல போடுங்க, கறுப்புதான் கடைசி வரைக்கும் நிக்கும். மீன் படம் வெளுத்தா வெளுத்துட்டுப் போகட்டும். பாட்டிலை நிழல்ல வைக்கவும் ஊறுகாய் விக்கிற கடைக்காரர்ட்ட சொல்லுங்க.

தொண்டி பக்கம்:
குறுக்கே வந்ததுக்கு மன்னிச்சுக்கங்க. நாங்க பி.பி. போட்டும் ஒரு தடவை உரிஞ்சு வந்துச்சு. ஊறுகாய் நிரப்பும்போது வெளிப்பக்கம் வழியிற எண்ணெய்ப் பிசுக்கு மேலேயே ஒட்டிட்டோம். இப்ப நிரப்பி, சோப்பு வெந்நீர்ல கழுவி, துடைச்சு, நல்லாக் காஞ்ச பிறகுதான் ஒட்டுறோம். நடுவுல அழுத்தி ரெண்டு பக்கமும் நீவிட்டுப் போகணும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல பாட்டில் மேல உப்புப் பிசுபிசுப்பு படியும், அன்னன்னைக்குக் கழுவினதை அன்னைக்கே ஒட்டிருங்க. மூலையை வளைவா வெட்டச் சொல்லுங்க, கூரான மூலைதான் முதல்ல எந்திரிக்கும்.

இன்னொண்ணு, புவிசார் முத்திரைப் படத்தைப் போடுறதா இருந்தா அங்கீகரிச்ச பயனாளரா பதிவு இருக்கணும். நீங்க எழுத்து மட்டும்தான போட்டிருக்கீங்க? இருந்தாலும் ஒரு தடவை விசாரிச்சுக்கங்க.

மண்டபம் ஊறுகாய்க்காரி:
எழுத்து மட்டும்தாண்ணே, விசாரிக்கிறேன். கடைக்காரர்ட்ட பி.பி.யில ரெண்டும் பேப்பர்ல ரெண்டும் லேசர்ல அடிச்சு, நாலுக்கும் கிளாஸ் லேமினேஷன் போட்டு வாங்கி பாட்டில்ல ஒட்டினேன். ஓரத்துல நல்லெண்ணெயத் தடவி நாலு நாள் ஜன்னல்ல வச்சேன். பேப்பர்ல ஓரத்துலேர்ந்து விரக்கடை அளவு உள்ள ஏறிருச்சு, மேல லேமினேஷன் பளிச்சுன்னு இருக்கு, அடியில கறை. பி.பி.யில துணியால துடைச்சதும் போயிருச்சு. 2000 வேணாம்னு 500 மட்டும் சொல்லியிருக்கேன். ஆனா மூலை வளைவுக்குப் புது டை (லேபிள் வெட்டுற அச்சு) செய்யணுமாம், அதுக்குத் தனிக் காசு கேக்குறார்.

சிவகாசி மெஷின்மேன்:
500-க்கு டை எதுக்குக்கா? கட்டிங் பிளாட்டர் (கம்ப்யூட்டர்ல ஓடுற வெட்டு மெஷின்) வச்சிருக்கிற கடையில ஹாஃப் கட், அதாவது அடித்தாளை விட்டுட்டு ஸ்டிக்கரை மட்டும் வெட்டுறது, போட்டுத் தருவாங்க, மூலையை எப்படி வேணாலும் வளைக்கலாம். உங்க கடையில இல்லன்னா ராமநாதபுரத்துலயே வாகன ஸ்டிக்கர் வெட்டுற கடையில கேட்டுப் பாருங்க.