அலைன்மென்ட் எப்படித் தேர்ந்தெடுப்பது? டெல்டா மேசைகளில் பார்த்தவை

அரசலாறு, கும்பகோணம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டர் எடுத்துக் கதையாக ஆடும் மேசை விளையாட்டு. அதற்குப் புதிதாக வருகிறவர்கள் கேரக்டர் ஷீட் (கேரக்டரின் விவரத் தாள்) கைக்கு வந்ததும் அலைன்மென்ட் (கேரக்டரின் குணச் சாய்வு) கட்டத்தைத்தான் முதலில் நிரப்புகிறார்கள். இரண்டே சொல்: லாஃபுல் (முறைக்குக் கட்டுப்படுபவன்), நியூட்ரல், கேயாட்டிக் (கட்டுப்படாதவன்) என்பதில் ஒன்று, குட், நியூட்ரல், ஈவில் என்பதில் ஒன்று. டைஸ் உருட்ட வேண்டாம், கணக்கும் கிடையாது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: இவன் எதற்காக ஊரைவிட்டுக் கிளம்பினான், யாருக்கு ஒன்று என்றால் ஓடி வருவான், உயிரே போனாலும் எதைச் செய்யமாட்டான். மூன்றாவது வரி காலியாக இருந்தால் எந்த அலைன்மென்ட் போட்டாலும் ஒட்டாது.

அடுத்து ஒரு சோதனை. நம் பக்கத்து மேசைகளில் நன்றாக எடுபடுவது மதகுக் கேள்வி. ஓர் ஆறு, இரண்டு ஊர். முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கோயிலில் வைத்து ஒப்புக்கொண்ட முறை. கடைமடை ஊரின் முறை நேற்றோடு முடிந்தது, ஆனால் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. பயிர் பால் பிடிக்கிற பருவம். இன்று தலைமடையின் முறை. காவல்காரன் தூங்குகிறான், மதகுச் சாவி அவன் இடுப்பில். உன் கேரக்டர் என்ன செய்வான்?

பதிலில் செயலைக் குறிக்காதீர்கள், காரணத்தைக் குறியுங்கள். ‘திறப்பேன், இந்த வெள்ளாமை போனால் அந்தக் குடும்பங்கள் பட்டினி, முறையெல்லாம் பிறகு பார்க்கலாம்’ என்றால் கேயாட்டிக் குட். ‘திறக்கமாட்டேன், தலைமடைப் பெரியவரை இப்போதே எழுப்பி அரை நாள் தண்ணீர் கேட்பேன்’ என்றால் லாஃபுல் குட். ‘முறை என்றால் முறை, இன்று உடைத்தால் நாளை யாரும் மதிக்கமாட்டார்கள்’ என்று அதோடு நிறுத்துகிறவன் லாஃபுல் நியூட்ரல். ‘யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்குத் திறப்பேன்’ என்றால் நியூட்ரல் ஈவில். முறை எழுதிய ஓலையில் ஒரு சந்தைக் கண்டுபிடித்து, இரண்டு ஊரையும் தனக்குக் கடன்பட வைக்கிறவன் லாஃபுல் ஈவில். ஒரே மதகு, அதைத் திறக்கிறவர்களே மூன்று விதம்.

ஒரு பதிலோடு விடக்கூடாது. விலையை மூன்று முறை ஏற்றுங்கள்: காவல்காரன் விழித்துக்கொள்கிறான், திறந்தால் அவன் வேலை போகும், தலைமடையில் காயப்போவது உன் அண்ணன் வயல். எந்த இடத்தில் பதில் மாறுகிறதோ அங்கேதான் கேரக்டர் இருக்கிறான். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். நான்கைந்து பேர் உள்ள மேசையில் எல்லாரையும் உட்காரவைத்து, ஒருவர் பதிலை மற்றவர்கள் கேட்கும்படி நடத்துவது நல்லது. பார்ட்டிக்குள் (சேர்ந்து போகும் கேரக்டர்களின் குழு) எங்கே உரசும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஓடம்போக்கி, திருவாரூர்

லாஃபுல்னா நல்லவன்னு நினைக்கிற குழப்பம் எல்லா மேசையிலயும் வருது. எங்க ஊர்க் கதையே இதுக்குப் போதும். மனுநீதிச் சோழன் லாஃபுல் குட்டா, லாஃபுல் நியூட்ரலா? கன்று தேர்ச்சக்கரத்துல மாட்டிச் செத்ததும் அமைச்சர்கள் மறையோர் சொல்ற பிராயச்சித்தம் பண்ணிடலாம்னுதான் சொல்றாங்க. ராஜா ஒத்துக்கல. வேற ஒருத்தன் ஒரு உயிரைக் கொன்னா தண்டிக்கிற நான், என் பிள்ளைன்னா மட்டும் பரிகாரம் பண்ணுவேனான்னு கேக்குறார். சட்டத்துக்காக மட்டும் செஞ்சிருந்தா நியூட்ரல். ஆனா பசுவோட துக்கத்தைத் தானும் படணும்னுதான் செய்யறார். அடுத்தவங்க வலிக்காகத் தன்னோடதை விடறார் இல்லியா, அதனால குட் பக்கம்னு வாதாட இடம் இருக்கு.

அமைச்சரை எல்லாரும் மறந்துடறாங்க. இளவரசன் மேல தேரை ஓட்டச் சொன்னப்ப அவர் ஆணையையும் மீறல, அந்தப் பிள்ளையையும் கொல்லல, தன் உயிரை விட்டுட்டார். லாஃபுல் ஒரு பக்கம் இழுக்க, குட் இன்னொரு பக்கம் இழுக்க, நடுவுல நிக்கிற ஆளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பாலடின் (புனித வீரன்) எடுக்கிறவங்க கிட்ட முதல்ல இந்தக் கேள்வியைப் போடுங்க: ரெண்டும் மோதினா எதை விடுவ? பதிலை ஷீட் பின்பக்கம் எழுதி டிஎம்மும் (ஆட்டத்தை நடத்துறவர்) கையெழுத்துப் போட்டுட்டா, பாதி ஆட்டத்துல சண்டை வராது.

வெண்ணாறு, தஞ்சாவூர்

எந்தப் பதிப்பு ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தத் தேர்வின் கனமே மாறும். 1974 மூலப் பதிப்பில் லா, நியூட்ராலிட்டி, கேயாஸ் என்று மூன்றுதான். ஒன்பது கட்டம் 1978இல் அட்வான்ஸ்ட் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கோடு நிலைத்தது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு அதை ஐந்தாகக் குறைத்தது, 2014இல் ஐந்தாம் பதிப்பு மறுபடி ஒன்பதுக்குத் திரும்பியது.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பை ஆடும் மேசைகளில் அலைன்மென்ட் விளையாட்டாகப் போடுகிற விஷயம் அல்ல. பாலடின் லாஃபுல் குட்டாக இருந்தே ஆகவேண்டும். தெரிந்தே ஒரு தீய செயல் செய்தால் சக்திகள் போய்விடும். மங்க் (துறவி வீரன்) லாஃபுலாக இருக்கவேண்டும். பார்பேரியன் (காட்டு வீரன்) லாஃபுலாக மாறினால் ரேஜ் (வெறிகொண்டு சண்டையிடும் சக்தி) போய்விடும். கிளெரிக் (பூசாரி) தன் தெய்வத்தின் அலைன்மென்டிலிருந்து ஒரு படிக்குமேல் விலகக்கூடாது. ஆகவே அங்கே கிளாஸை (பாலடின், மங்க் போன்ற வகை) முடிவு செய்தபின்தான் மதகுக் கேள்வி.

ஐந்தாம் பதிப்பில் இந்தக் கட்டுப்பாடுகள் போய்விட்டன. ஆனால் பழைய பழக்கத்தில், டிடெக்ட் ஈவில் அண்ட் குட் என்ற ஸ்பெல்லை (மந்திரம்) போட்டு ஊர்த் தலைவர் கெட்டவரா என்று பார்க்கிறார்கள். அந்த ஸ்பெல் மனிதனின் குணத்தைச் சொல்லாது. அபெரேஷன், செலஸ்டியல், எலிமென்டல், ஃபே, ஃபீண்ட், அன்டெட் வகை அமானுஷ்ய உயிர்கள் 30 அடிக்குள் இருக்கின்றனவா என்றுதான் காட்டும். டிஎம் இதை முதல் செஷனிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், துரோகி யார் என்று கண்டுபிடிக்கிற ஆட்டத்தில் ஸ்பெல் ஒன்றும் காட்டாததை வைத்து, ‘இவர் நல்லவர்’ என்று பார்ட்டி முடிவு கட்டிவிடும். மறுபக்கம், மூன்றாம் பதிப்பு பாலடின் நினைத்தபோதெல்லாம் டிடெக்ட் ஈவில் போடலாம், அது கெட்டவரையே காட்டிக்கொடுக்கும். அந்த மேசையில் மர்மக் கதை எழுதுகிறவர், கெட்ட புத்தி உள்ள ஆனால் இந்தக் குற்றம் செய்யாத இரண்டு பேரை ஊரில் வைத்தால் கதை தப்பிக்கும்.

பாமணி, மன்னார்குடி

அதிகம் கெடுப்பது கேயாட்டிக் நியூட்ரல். தப்பு அலைன்மென்டுடையது அல்ல. ‘என் கேரக்டர் அப்படித்தான்’ என்று சொல்லிப் பார்ட்டியின் பையிலேயே கைவைக்க அது சாக்காகிறது. கேயாட்டிக் நியூட்ரல் தன் சுதந்திரத்தை விடாதவன். காசைச் சுண்டி முடிவெடுக்கிறவன் அல்ல. இதை எடுக்கிறவர் ஒரு வாக்கியம் எழுதியாக வேண்டும்: ‘இந்தப் பார்ட்டியோடு நான் இருப்பதற்குக் காரணம் ...’ எழுத முடியாதவருக்கு வேறு கேரக்டர் கொடுங்கள்.

ஈவில் கேட்டால் உடனே மறுக்க வேண்டாம். லாஃபுல் ஈவில் ஒன்று பார்ட்டிக்குள் நன்றாகவே ஓடும், அவனைக் கட்டிப்போட ஓர் ஒப்பந்தம் இருந்தால். முன்கூட்டியே பேசவேண்டியவை: பார்ட்டிக்குள் திருட்டு இல்லை, இரண்டு பிளேயரும் சம்மதிக்காமல் ஒருவர் கேரக்டரை மற்றவர் தாக்குவது இல்லை, யாருக்காவது சங்கடமான காட்சி என்றால் அங்கேயே நிறுத்துவது. கேயாட்டிக் ஈவிலை நீண்ட கேம்பெய்னில் (தொடர் ஆட்டம்) அனுமதிக்காமல் இருப்பதே நல்லது.

ட்ரூ நியூட்ரலுக்கு (இரண்டு சொல்லும் நியூட்ரல்) ஒரு வார்த்தை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு, தோற்கிற பக்கம் சேர், அது ஜெயிக்கத் தொடங்கினால் பக்கம் மாறு என்கிற அளவுக்கு அதை விளக்கியது. அப்படி ஆடினால் எந்தப் பார்ட்டியும் நம்பாது. தன் குடும்பம், தன் நிலம், அதற்குமேல் கொள்கை பேசாத ஆள் என்று எடுத்துக்கொண்டால் ஆடுவது எளிது.

அரசலாறு, கும்பகோணம்

மாற்றத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அலைன்மென்டைப் பென்சிலால் எழுதுங்கள். டிஎம் தன் நோட்டில் ஒவ்வொரு கேரக்டருக்கும் இரண்டு வரிசை வைத்து, எதிர்ப்பக்கம் போகும் தெளிவான செயலுக்கு ஒரு கோடு போடலாம். முக்கியம், கோடு விழும் என்பதை டைஸ் உருட்டும் முன்பே சொல்வது. செய்து முடித்தபின் சொன்னால் தண்டனை மாதிரி ஆகிவிடும். ஒரே வரிசையில் மூன்று கோடு சேர்ந்தால் செஷன் முடிந்ததும் பிளேயரோடு உட்கார்ந்து பேசி மாற்றுங்கள். பயத்திலோ மந்திரக் கட்டுப்பாட்டிலோ செய்ததற்குக் கோடு கிடையாது.

இவ்வளவும் வேண்டாம் என்கிற மேசைகளுக்கு பாத்ஃபைண்டர் என்ற இதேபோன்ற விளையாட்டின் இரண்டாம் பதிப்புக்கு வந்த 2023 ரீமாஸ்டர் இருக்கிறது. அதில் அலைன்மென்ட் கட்டமே கிடையாது. செய்யவேண்டியவை, செய்யக்கூடாதவை என்று கேரக்டரே பட்டியல் வைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன மூன்றாவது வரியை எழுதி வைத்திருப்பவர்கள் அதை அப்படியே அங்கே எடுத்துப் போடலாம்.