ஹொக்கியன் பாட்டியிடம் பேச மாண்டரின் உதவுமா?

தாதி, ஜார்ஜ்டவுன்:
வணக்கம். பினாங்கில் சிறுநீரகச் சுத்திகரிப்பு மையம் ஒன்றில் 14 வருடமாகத் தாதி வேலை. எங்களிடம் ஒரு சீனப் பாட்டி வருகிறார், வயது 80க்கு மேல். மகள் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார். பாட்டி பேசுவது ஹொக்கியன், பினாங்குச் சீனர்கள் பேசும் ஒரு சீன மொழி. மலாய் கொஞ்சம்தான் வரும். நான்கு மணி நேரம் எந்திரத்தின் பக்கத்தில் பேச்சுத்துணை இல்லாமல் படுத்திருப்பார். அவரிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றுதான் மாலை நேர மாண்டரின் (பொதுச் சீன மொழி) வகுப்பில் சேர்ந்தேன். ஆறு மாதம் ஆகிறது.

போன வாரம் எடை கூடி வந்தார், உடம்பில் நீர் சேர்ந்திருந்தது. சூப் நிறையக் குடித்தீர்களா என்று மாண்டரினில் கேட்டேன். அதில் சூப்பும் 'தாங்', சீனியும் 'தாங்'. சூப் என்றால் குரல் உயரத்திலேயே சமமாக நிற்க வேண்டும். சீனி என்றால் நாம் "அப்படியா?" என்று கேட்பதுபோல் மேலே ஏற வேண்டும். வகுப்பில் சரியாகத்தான் சொல்வேன். பாட்டி கையை விரித்துவிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரர் ஹொக்கியனில் கேட்டுச் சொன்னார்: இரண்டு கிண்ணம் குடித்தாராம். தேவைப்பட்ட நேரத்தில் என் படிப்பு அவருக்கு உதவவில்லையே என்று இன்னும் மனதை அறுக்கிறது.

மாண்டரினை விட்டுவிட்டு ஹொக்கியனுக்கு மாறலாமா? இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழம்புமா?

செந்தூல்காரன்:
அக்கா, நான் ஆறு வருடம் சீனப் பள்ளியில் படித்தவன். உங்கள் சிக்கல் குரல் ஏற்ற இறக்கத்தில் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. அந்தத் 'தாங்' நம் 'த' இல்லை. வாய் முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள், தாள் அசைய வேண்டும். தமிழில் மூச்சை அப்படித் தள்ளிப் பேசுவதில்லை. அதனால் நமக்கு அந்த வித்தியாசம் காதிலேயே விழாது, சீனர்களுக்கோ அது வேறு எழுத்து.

மாண்டரினை விடாதீர்கள். நமக்கு அதில் சில இடங்கள் சுலபம். 'மனிதன்' என்ற சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கம், எங்கள் வகுப்பில் எனக்குத்தான் முதலில் வந்தது. உறவுமுறையும் அப்படித்தான். பெரியப்பா 'போபோ', சித்தப்பா 'ஷூஷு', தாய்மாமன் 'ஜியூஜியூ', அத்தை 'கூகூ'. எல்லாருக்கும் ஒரே 'அங்கிள்' கிடையாது.

ஆயிர் ஈத்தாம் அக்கா:
தங்கச்சி, நான் சந்தையில் 20 வருடம் பூ விற்கிறேன், ஹொக்கியன் காதால் கேட்டுக் கற்றதுதான். பாட்டிக்கு ஹொக்கியன்தான் வேண்டும். ஆனால் நீ படித்தது வீண் இல்லை. ஹொக்கியனில் சூப்பும் 'த்ங்', சீனியும் 'த்ங்'. உயிரெழுத்தே இல்லாமல் மூக்கில் முடியும். இங்கேயும் சூப் சமமாகப் போகும், சீனி மேலே ஏறும். தம்பி சொன்ன மூச்சும் வேண்டும். மூச்சு இல்லாமல் ஏற்றிச் சொன்னால் 'நீளம்' என்று அர்த்தமாகிவிடும்.

ஒன்று மட்டும் கவனி, தனிச் சொல்லாக மனப்பாடம் பண்ணாதே. ஹொக்கியனில் ஒரு சொல்லுக்குப் பின்னால் இன்னொன்று ஒட்டிவந்தால் முன்னதன் குரல் மாறிவிடும், கடைசிச் சொல் மட்டும் தன் குரலில் நிற்கும். முழு வாக்கியமாகப் பிடி: "மாய் லிம் த்ங்", சூப் குடிக்காதீங்க. வலி எங்கே என்று கேட்க "தாலோ தியா?", அந்த 'தியா'வை மூக்கால் சொல்லு. அப்புறம், பினாங்கு ஹொக்கியனில் பாதி வழி உனக்கு ஏற்கெனவே தெரியும். சோப்பு 'சாப்புன்', சந்தை 'பாசாட்', போலீஸ் 'மாத்தா', 'ஆனால்' என்பதற்குத் 'தாப்பி'. எல்லாம் மலாய்தான்.

உள்ளே போனதும் வேலையைத் தொடங்காமல் முதலில் "ஆ மா, சியா பா போய்?" என்று கேள். நாம் "பசியாறியாச்சா?" என்று கேட்பதுதான்.

தாதி, ஜார்ஜ்டவுன்:
இருவருக்கும் நன்றி. இன்று பாட்டியின் முறை. நேற்று இரவு தாளை வைத்து மகனோடு உட்கார்ந்து பழகினேன். பசியாறியாச்சா என்று கேட்டதும் பாட்டி கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார், பிறகு கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டார். பாதிதான் புரிந்தது. "மாய் லிம் த்ங்" என்றேன். மூன்று தடவை என்னைச் சொல்ல வைத்துத் திருத்தினார். அப்புறம் விரலை மடக்கி, அரைக் கிண்ணமாவது குடிக்கலாமா என்று சைகையில் கேட்டார். மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பதை ஹொக்கியனில் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை மறுபடி வருவார்.