பழைய டீசல் இன்ஜினுக்குக் கம்ப்ரஷன் டெஸ்டர்: எதை எடுப்பது, எப்படிப் பார்ப்பது?

வெண்புகை:

வணக்கம். ஃபோக்ஸ்வாகன் 1.6 லிட்டர் டீசல், டர்போ இல்லாதது, 1980களின் இன்ஜின். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. பிடித்ததும் ஒன்றிரண்டு நிமிடம் வெள்ளைப் புகை, உதறல். சூடானதும் இரண்டும் போய்விடுகின்றன. ஸ்டார்ட்டின்போது உள்ளே சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்கும் கரண்ட் இழுக்கின்றன. டீசல் லைனில் காற்றுக்குமிழ் இல்லை. பம்பு டைமிங் சரிபார்த்தாயிற்று. அடுத்தது கம்ப்ரஷன்தான், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது.

கையில் இருப்பது 300 பிஎஸ்ஐ வரை காட்டும் பெட்ரோல் டெஸ்டர். அதற்கு ஒரு அடாப்டர் மட்டும் வாங்கினால் போதுமா, டீசல் செட்டே வேண்டுமா? ஹீட்டர் பிளக் துளையில் பார்ப்பதா, டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பார்ப்பதா? ரீடிங் குறைவாக வந்தால் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார் என்கிறார்கள். டீசலில் அது சரிவருமா?

ஃபீலர் கேஜ்:

பெட்ரோல் டெஸ்டர் உதவாது. 300 பிஎஸ்ஐ என்பது 21 பார்தான். உங்கள் இன்ஜினுக்குப் புதிதில் 34 பார், தேய்மான எல்லை 28, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5 பாருக்குள். ஓய்ந்துபோன சிலிண்டர்கூட அந்த கேஜின் முள்ளைக் கடைசிவரை தள்ளிவிடும். ரப்பர் கூம்பைக் கையால் அழுத்திப் பிடிக்கும் வகையை டீசல் பக்கமே கொண்டுவராதீர்கள். 12 மி.மீ. துளையில் 30 பார் என்றால் ஏறத்தாழ 34 கிலோ எடை கையை எதிர்த்துத் தள்ளும்.

ஆனால் டீசல் டெஸ்டர் என்று எழுதியிருந்தாலே போதும் என்று எடுத்துவிடக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே வந்த அழுத்தத்தைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை. அது அடாப்டரின் நுனியில், இன்ஜினுக்குள் திருகும் முனையிலேயே இருக்க வேண்டும். காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 397 சி.சி., கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள மொத்த இடத்துக்கும் மேலே வந்ததும் மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம்) 23:1. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 397 ÷ 22, அதாவது வெறும் 18 சி.சி. வால்வு கேஜ் பக்கம் இருந்து, நடுவில் உள்ள ஹோஸும் அடாப்டரும் 5 சி.சி. இடம் பிடித்தால், மிஞ்சும் இடம் 23 சி.சி. ஆகிவிடும். விகிதம் 18-க்குச் சற்று மேல் இறங்கிவிடும். நல்ல இன்ஜினையும் தேய்ந்த இன்ஜின் என்று காட்டும். பெட்ரோல் இன்ஜினில் மிஞ்சும் இடமே 40, 50 சி.சி. இருப்பதால் இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது.

அதே காரணத்தால் அடாப்டரின் நீளமும் முக்கியம். அசல் ஹீட்டர் பிளக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். குட்டையான, உள்ளே அகலத் துளையிட்ட அடாப்டர் காலியிடத்தைக் கூட்டும். நீளமானது உள்ளே தட்டும். உங்களுக்கு வேண்டிய மரை 12 மி.மீ., பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) 1.25. 10 மி.மீ. பிளக்குகளில் 1.0, 1.25 என்று இரு பிட்ச் உண்டு, ஆகவே வேறு இன்ஜினுக்கு வாங்குபவர்கள் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுனியிலுள்ள வால்வு பார்க்க டயர் வால்வு போலவே இருக்கும். கெட்டுப்போனால் டயர் வால்வைப் போட்டு ஓட்டாதீர்கள். அதன் ஸ்பிரிங் விறைப்பானது, ரீடிங்கை இறக்கும். ரப்பரும் சூட்டில் சுருண்டுவிடும். டெஸ்டருக்கென்றே விற்கும் உதிரி வால்வு இரண்டை சேர்த்து வாங்கி வையுங்கள்.

கேஜ் 0–70 பார் அளவில் கிடைக்கும், 40 பார் வரை மட்டும் காட்டுவதும் கிடைக்கும். 1.6 சதவீதத் துல்லிய கேஜ் என்றால் 70 பார் முகத்தில் 1.1 பார் பிழை வரலாம், 40 பார் முகத்தில் 0.6 பார்தான். இரண்டும் கிடைத்தால் நான் 40-ஐத்தான் எடுப்பேன்.

லைன் பம்பு:

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். செய்முறையை மட்டும் சேர்க்கிறேன்.

ஹீட்டர் பிளக் துளையிலேயே பாருங்கள். நாசிலைக் கழற்றினால் அதன் அடியில் இருக்கும் வெப்பத் தகட்டு வாஷர் நான்கையும் புதிதாகப் போட வேண்டும். பழையதைத் திரும்பப் போட்டால் அங்கிருந்தே கம்ப்ரஷன் கசியும். ஹீட்டர் பிளக் இல்லாத டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களுக்கு வேறு வழியில்லை, நாசில் வடிவ அடாப்டர்தான்.

முதலில் டேப்பெட், அதாவது கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருப்பது. உங்களுடையது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) வைத்த டேப்பெட்டாக இருந்தால் இடைவெளியை அளந்துவிட்டு ஆரம்பியுங்கள். வால்வு சீட்டில் முழுதாக உட்காரவில்லை என்றால் அதற்குமேல் அளப்பதெல்லாம் வீண். பிறகு இன்ஜினை ஓடும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். சூட்டோடு பிளக்கைக் கழற்றுவது உடையாமல் இருக்கவும் நல்லது. 12 மி.மீ. பிளக்குக்கு 45 நியூட்டன் மீட்டருக்கு மேல் பலம் கொடுக்க வேண்டாம். வரவில்லை என்றால் துரு இளக்கும் ஆயில் விட்டுக் காத்திருங்கள்.

கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள அழுக்கைக் காற்றடித்து நீக்குங்கள். நான்கையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற மூன்றின் கம்ப்ரஷனை எதிர்த்து செல்ஃப் திணறும். சுற்று குறைந்தால் ரீடிங்கும் குறையும். பிளக்குகளை இணைக்கும் தகட்டுக்கு வரும் ஒயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள். பம்பின் ஸ்டாப் சாலினாய்டு (டீசலை நிறுத்தும் மின்வால்வு) ஒயரையும் அப்படியே. சாவி போட்டதும் அதில் கரண்ட் வரும், பாடியில் பட்டால் ஃபியூஸ் போய்விடும். ஏர் ஃபில்டரை எடுத்துவிடுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும்.

டெஸ்டரை மாட்டும் முன் சில விநாடி செல்ஃப் அடித்து, துளைகள் வழியே கரியை வெளியே ஊத விடுங்கள். இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். ஒரு துகள் கரி வால்வு நுனியில் சிக்கினால் முள் ஏறி உடனே இறங்கும்; கேஜ் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். முள் குறைந்தது ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த ரீடிங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை அடி (பிஸ்டன் காற்றை அழுத்தும் முறை), எட்டு போதும். முதல் அடியில் முள் எங்கே போனது, கடைசியில் எங்கே நின்றது, இரண்டையும் எழுதுங்கள். முதல் அடி குறைவாக இருந்து படிப்படியாக ஏறி ஓரளவு தேறினால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகப்படுங்கள். முதல் அடியும் குறைவு, பிறகும் பெரிதாக ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட். இது தீர்ப்பு அல்ல, எங்கே தேடுவது என்பதற்கான திசை மட்டுமே. மிகக் குறைந்த சிலிண்டரைக் கடைசியில் இன்னொரு முறை பாருங்கள். பேட்டரி தளர்ந்ததால் வந்த குறைவா என்று தெரிந்துவிடும்.

விகிதம் 23 என்றால் 23 பார்தானே வர வேண்டும் என்று பலர் குழம்புகிறார்கள். அழுத்தும்போது காற்று சூடாவதால் அழுத்தம் விகிதத்தைவிட மேலே போகும். மலைப்பகுதியில் பார்ப்பவர்கள் கவனிக்க: 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே 11 சதவீதம் குறைவு, ரீடிங்கும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும்.

ஃபீலர் கேஜ்:

ஆயில் விட்டுப் பார்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. டீசலில் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மிஞ்சும் இடம் 18 சி.சி. என்று பார்த்தோம். அதில் ஒரு தேக்கரண்டி, 5 மில்லி ஆயில் விட்டால் இடம் 13 சி.சி. ஆகும், விகிதம் 31-ஐத் தாண்டும். ரிங் நல்லதோ கெட்டதோ, ரீடிங் ஏறியே தீரும். "ஏறிவிட்டது, ஆகவே ரிங் போச்சு" என்று முடிவெடுத்து இன்ஜினை இறக்கினால் அது ஆயில் பிடித்த இடத்துக்காக இறக்கியதாகிவிடும்.

இன்னொன்று, உங்கள் இன்ஜினில் ஹீட்டர் பிளக் துளை, ஹெட்டிலுள்ள சிறிய எரிப்பு அறையான சுழலறைக்குள்தான் திறக்கிறது. அங்கே விட்ட ஆயிலில் பெரும்பகுதி அறையிலேயே தங்கும், ரிங்கைச் சுற்றிப் பரவாது. கை தவறிக் கொஞ்சம் அதிகமாக விட்டுவிட்டால் பிஸ்டன் திரவத்தை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். இவ்வளவு ஆபத்துக்குப் பதிலாகக் காற்று விட்டுக் கசிவு பாருங்கள்.

வெண்புகை:

40 பார் கேஜ், நுனியில் வால்வு உள்ள அடாப்டர் வாங்கிப் பார்த்தாயிற்று. டேப்பெட் இடைவெளி சரி. சூட்டில், எட்டு அடி: 1-ல் 31, 2-ல் 23, 3-ல் 22, 4-ல் 30 பார். முள் நின்றது. 2-ம் 3-ம் முதல் அடியிலேயே பின்தங்கின, பிறகும் அதிகம் ஏறவில்லை. 3-ஐக் கடைசியில் மறுபடி பார்த்தபோதும் 22 தான்.

லைன் பம்பு:

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியிருக்கின்றன. 2-க்கும் 3-க்கும் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டிலும் தனித்தனியாக வால்வு கெட்டு இவ்வளவு ஒத்துப்போவது அபூர்வம். ஹெட்டை எடுக்கும் முன் உறுதி செய்துகொள்ளலாம்.

2-வது பிஸ்டனை கம்ப்ரஷன் முடிவில் மேலே நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று கேம் முனைகளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். டாப் கியர் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை விட்டு வைக்காதீர்கள், இன்ஜின் திரும்பினால் கையை அடித்துவிடும். பிளக் துளை வழியே 2 பாரில் ஆரம்பித்து 6 பார் வரை காற்று விடுங்கள். இதற்கு நுனி வால்வு இல்லாத அடாப்டர் வேண்டும்.

3-வது பிளக் துளையில் காற்று சீறினால் சந்தேகமே இல்லை. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் தண்ணீர்ப் பாதைக்கும் வழி விட்டிருக்கிறது. ஆயில் மூடியில் லேசான இரைச்சல் எல்லா இன்ஜினிலும் இருக்கும். 1-லும் அதே சோதனை செய்து ஒப்பிடுங்கள்.

ஒரு கவனம். 2 கம்ப்ரஷன் முடிவில் இருக்கும்போது 3-ன் பிஸ்டனும் மேலேதான் இருக்கும், அதன் இரு வால்வும் சற்றுத் திறந்திருக்கும். ஆகவே கேஸ்கட் வழியே 3-க்குள் போன காற்று இன்டேக்கிலும் சைலன்ஸரிலும் இரையும். அதைக் கேட்டு 2-ன் வால்வு கசிகிறது என்று முடிவெடுத்துவிடாதீர்கள். 3-ன் பிளக் துளையை விரலால் மூடித் திறந்து பாருங்கள், இரைச்சல் இடம் மாறினால் வழி கேஸ்கட்தான்.

ஹெட்டை இறக்கியதும் நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட்டின் சமதளத்தைப் பாருங்கள், குறிப்பாக 2-க்கும் 3-க்கும் இடையே, பிளாக்கின் மேல்தளத்தையும். புது கேஸ்கட் வாங்கும் முன் பழையதன் ஓரத்திலுள்ள வெட்டுகளை எண்ணுங்கள். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்பதைப் பொறுத்து மூன்று தடிமன் உண்டு. பிளாக்கையும் பிஸ்டனையும் மாற்றாதவரை பழைய வெட்டு எண்ணிக்கையே பொருந்தும். ஏற்கெனவே யாராவது தவறானதைப் போட்டிருக்கக்கூடும் என்பதால், டயல் கேஜ் இருந்தால் நான்கு பிஸ்டனின் எழும்பலையும் அளந்துவிட்டே வாங்குங்கள்.